பழைய நிலக்கரி ஸ்டோக்கருக்கு எந்த ஷியர் பின்? பீன்யா பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் லேத் பட்டறை வைத்திருக்கிறோம். சலவைக்கூடம், சாயப்பட்டறை என்று சின்ன பாய்லர் ஓடும் இடங்களிலிருந்து உடைந்த பின் துண்டோடு வருபவர்களில் பாதிப்பேர் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து ஆட்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். நாங்கள் பேசுவது ஸ்க்ரூ ஸ்டோக்கர் பற்றி மட்டும். ஹாப்பரில் கொட்டும் கரியை ஒரு ஸ்க்ரூ குழாய்க்குள் தள்ளிக்கொண்டு போய், நெருப்புக்கு அடியிலிருந்து மேலே ஊட்டும் வகை அது. செயின் கிரேட் (நகரும் சங்கிலித் தட்டின் மேல் கரி எரியும் வகை) வைத்திருப்பவர்களுக்கும் இதில் சில பதில்கள் பொருந்தும், ஆனால் எல்லாமே பொருந்தாது.

ஷியர் பின் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது?

கியர்பாக்ஸிலிருந்து வரும் ஹப்பையும் (ஷாஃப்டின் மேல் உட்காரும் வளையம்) ஸ்க்ரூவின் ஷாஃப்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் சின்னக் கம்பி அது. கரியோடு ஒரு கல்லோ இரும்புத் துண்டோ வந்து ஸ்க்ரூ இறுகிவிட்டால் இது அறுந்து போக வேண்டும். ஹப் வெறுமனே சுற்றும், ஸ்க்ரூ நிற்கும், கியர்பாக்ஸ் பல் பிழைக்கும். பழைய ஸ்டோக்கர்களின் கியர்பாக்ஸுக்கு இப்போது வெண்கல வார்ம் வீல் ஒன்று வெட்டித் தரச் சொன்னால் ஆகும் செலவைக் கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் பின்னின் விலை எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டீர்கள்.

வாரத்துக்கு ஒன்று உடைகிறது அண்ணா. கொஞ்சம் கெட்டியான பின்னாகப் போட்டால் என்ன?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. பதில்: வேண்டாம்.

முதலில், போன பின் எப்போது மாற்றியது, அதற்கு முன்னால் என்ன பின் இருந்தது என்று கேளுங்கள். பல இடங்களில் முந்தைய ஃபிட்டர் மெல்லிய பின்னைப் போட்டிருப்பார், அல்லது போல்ட்டின் மரை அறுபடும் இடத்தில் வந்திருக்கும். அப்படியென்றால் சரியான பின்னைப் போட்டால் பிரச்சினை தீர்ந்தது.

சரியான பின்தான் என்றால், ஸ்க்ரூவில் சுமை கூடியிருக்கிறது. மழையில் நனைந்த கரித்தூள் ஹாப்பரின் அடியில் களிமண்ணாக இறுகும். பெங்களூரில் மே மாதக் கோடை மழையிலும், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலும் எங்களிடம் பின் கேட்டு வருபவர்கள் கூடுவதற்கு இதுதான் காரணம். கரியைத் தார்ப்பாய் போட்டு மூடாமல் வெட்டவெளியில் கொட்டிவைத்திருக்கும் இடங்களுக்குப் பின் விற்றே பட்டறை நடத்தலாம். அடுத்தது பெரிய கட்டி. இந்த வகைச் சின்ன ஸ்டோக்கருக்கு முப்பது, நாற்பது மில்லிக்கு மேல் உள்ள கட்டி ஆகாது. ஸ்க்ரூ இலைக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு கட்டி ஆப்பு மாதிரி செருகிக்கொண்டால் போதும். ஹாப்பர் வாயில் ஒரு இரும்புச் சல்லடையும், கூடவே ஒரு காந்தமும் வையுங்கள். சுரங்கத்திலிருந்தும் வேகனிலிருந்தும் போல்ட், நட்டு, கம்பி எல்லாம் கரியோடு வரும்.

மூன்றாவது, ஸ்க்ரூவின் மறுமுனை. சாம்பல் அதிகமுள்ள கரி என்றால், நெருப்பு எரியும் கிண்ணமான ரிடார்ட்டில் கிளிங்கர் (உருகி இறுகிய சாம்பல்) கட்டி, கரி மேலே வர வழியில்லாமல் போகும். இந்தியக் கரியில் சாம்பல் பொதுவாகவே அதிகம், முப்பது முதல் நாற்பத்தைந்து சதவீதம் வரை போகும். இந்த இயந்திரங்களை வடிவமைத்தவர்கள் அப்படிப்பட்ட கரியை மனதில் வைத்துச் செய்யவில்லை. நெருப்பைக் குத்திவிடாமல் ஷிஃப்டு முழுக்க ஓட்டினால் பின்தான் போகும்.

இயந்திரத்தின் கையேடு இல்லை, பழைய பின்னும் காணோம். எந்த அளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கணக்குப் போடலாம், கஷ்டமில்லை. மோட்டார் தகட்டில் உள்ள திறன், ஸ்க்ரூ நிமிடத்துக்கு எத்தனை சுற்று, ஷாஃப்டின் விட்டம் ஆகிய மூன்றும் போதும்.

ஒரு உதாரணம். மோட்டார் அரை ஹெச்.பி., அதாவது 373 வாட். ஸ்க்ரூ நிமிடத்துக்கு 10 சுற்று. வார்ம் கியர்பாக்ஸில் தேய்மானத்துக்குப் போனது போக 65 சதவீதம் வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 373ஐ 0.65ஆல் பெருக்கி, 9.55ஆல் பெருக்கி, சுற்று எண்ணிக்கையான 10ஆல் வகுத்தால் ஏறக்குறைய 231 நியூட்டன் மீட்டர். ஸ்க்ரூவுக்கு மோட்டார் முழுத் திறனில் தரும் டார்க், அதாவது முறுக்கு விசை, இது.

இப்போது பின். சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், மென்மையான எஃகு) ராடின் இழுவலிமை 410 மெகாபாஸ்கல். அறுபடும் வலிமை அதில் சுமார் 0.6 பங்கு, அதாவது 250 என்று எடுத்துக்கொள்ளலாம். ஷாஃப்டின் குறுக்கே முழுக்க ஊடுருவும் பின் இரண்டு இடங்களில் அறுபட வேண்டும். அப்போது அறும் டார்க் என்பது 250, பின்னின் குறுக்குப் பரப்பு, ஷாஃப்டின் விட்டம் மூன்றையும் பெருக்கினால் வருவது. ஷாஃப்ட் 40 மில்லி, பின் 6 மில்லி என்றால் பரப்பு 28.3 சதுர மில்லி. பெருக்கினால் 283 நியூட்டன் மீட்டர்.

231க்கும் 283க்கும் இடைவெளி குறைவாகத் தெரியும். ஆனால் நல்ல நிலையிலுள்ள ஸ்க்ரூ ஒருபோதும் மோட்டாரின் முழுத் திறனையும் கேட்காது, அதனால் சாதாரண ஓட்டத்தில் பின் நிற்கும். ஸ்க்ரூ இறுகினால் மோட்டார் தன் தகட்டு டார்க்கைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு வரை முக்கும். அது 460 முதல் 580 வரை. பின் அதற்கு வெகு முன்னாலேயே அறுந்துவிடும். நமக்கு வேண்டியது இதுதான்.

இதே இடத்தில் 8 மில்லி எம்.எஸ். பின் போட்டால் 503 வரும். மோட்டார் முக்கும் எல்லைக்குள்ளேயே அது விழுகிறது, ஆக ஒருநாள் அறும், இன்னொரு நாள் அறாது. அறாத அன்றைக்குக் கியர் பல் போகும். இரண்டே மில்லி கூட்டினோம் என்று நினைப்பீர்கள், ஆனால் வலிமை எழுபத்தெட்டு சதவீதம் ஏறியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சில ஸ்டோக்கர்களில் பின் ஷாஃப்டின் குறுக்கே போகாது. பல் சக்கரத்தையும் பக்கத்துத் தட்டையும் ஷாஃப்டுக்கு வெளியே ஒரே இடத்தில் பிடித்திருக்கும். அங்கே ஒரு இடத்தில்தான் அறுபடும். விட்டத்துக்குப் பதிலாக, ஷாஃப்டின் மையத்திலிருந்து பின் இருக்கும் தூரத்தைப் போட்டுப் பெருக்குங்கள்.

போல்ட் போடலாமா? எளிதில் கிடைக்கிறதே.

போடலாம், ஆனால் தலையைப் பார்த்துப் போடுங்கள். 4.6 என்று எழுதியிருந்தால் அது ஏறக்குறைய எம்.எஸ். ராடுக்குச் சமம். 8.8 என்றால் இழுவலிமை 800 மெகாபாஸ்கல். மேலே சொன்ன உதாரணத்தில் 6 மில்லி 8.8 போல்ட் 543 நியூட்டன் மீட்டர் தாங்கும், அதாவது 8 மில்லி எம்.எஸ். பின்னையும் மிஞ்சும். கண்ணுக்கு அதே தடிமன்தான் தெரியும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எங்களிடம் பல் போன கியர்பாக்ஸோடு வருபவர்களின் ஹப்பில் பெரும்பாலும் இப்படி ஒரு போல்ட் உட்கார்ந்திருக்கும். ஆலன் போல்ட் பெரும்பாலும் 12.9, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். இஞ்சு போல்ட்டில் எண் இருக்காது, கோடுகள் இருக்கும். மூன்று கோடு என்றால் 8.8க்குப் பக்கம், ஆறு கோடு என்றால் அதற்கும் மேல். எதுவும் இல்லாத தலைதான் நமக்கு வேண்டியது.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் துருப்பிடிக்காது என்று சிலர் போடுவார்கள். சாதாரண ஏ2-70 எஸ்.எஸ். போல்ட்டின் இழுவலிமை 700. தவிர, அறுபட்ட எஸ்.எஸ். துண்டு துளைக்குள் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

மரை விஷயமும் உண்டு. எம்6 போல்ட்டின் மழமழப்பான பகுதியில் பரப்பு 28 சதுர மில்லி, மரைப் பகுதியில் 20தான். அறுபடும் இரண்டு இடங்களில் ஒன்றில் மரையும் மற்றதில் மழமழப்பும் வந்தால், மரைப் பக்கம் முதலில் போய், மற்றப் பக்கம் வளைந்து இழுபடும். மழமழப்பான பகுதி ஹப்பின் மொத்த அகலத்துக்கும் வருகிற நீளத்தில் வாங்கி, மிச்ச மரையை வெட்டிவிடுங்கள்.

அவசரத்துக்கு ரோல் பின், டவல் பின், ட்ரில் பிட் துண்டு?

ரோல் பின் உள்ளே குழலாக இருப்பதால் பலவீனமானது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஸ்பிரிங் ஸ்டீலில் செய்து கடினப்படுத்தியது அது. 6 மில்லி கனரக ரோல் பின் இரண்டு இடத்தில் அறுபட 26 கிலோநியூட்டன் கேட்கும். அதே அளவு கெட்டி எம்.எஸ். பின் கேட்பது 14தான். டவல் பின், ட்ரில் பிட் இரண்டும் அதைவிட மோசம். ட்ரில் பிட் சில்லுச்சில்லாகத் தெறிக்கவும் செய்யும்.

நடுராத்திரி வேறு வழியே இல்லையென்றால் பூச்சை உதிர்த்த வெல்டிங் ராடு துண்டு பரவாயில்லை. உள்கம்பி மென்மையான எம்.எஸ்.தான், ஆனால் 5 மில்லிக்கு மேல் எளிதில் கிடைக்காது. மெல்லிசாக இருப்பதால் சீக்கிரம் உடையும், கெடுதல் செய்யாது. காலையில் மாற்றிவிடுங்கள்.

பித்தளை பின் நல்லதா?

படகு மோட்டாரில் பித்தளைப் பின்னைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் உண்டு. துருப்பிடிக்காது, துளையைத் தேய்க்காது, எடுப்பது சுலபம், எல்லாம் சரி. ஆனால் பித்தளைப் பட்டியின் வலிமை வகைக்கு வகை மாறும், கடைக்காரருக்கு என்ன வகை என்றே தெரியாது. ஸ்டோக்கரின் ஹப் நெருப்பிலிருந்து தள்ளி இருந்தாலும் பாய்லர் அறை சூடு வேறு. அதோடு ஸ்க்ரூ விட்டுவிட்டு ஓடும்போது ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் விழும் அடியில் மென்மையான பின் நசுங்கி, துளைக்குள் ஆடத் தொடங்கும். இயந்திரம் செய்தவரே பித்தளை என்று சொல்லியிருந்தாலொழிய எம்.எஸ்.ஸே போதும். அலுமினியத்துக்கும் இதே பதில்.

ஈஎன்8 பிரைட் பார் கையில் இருக்கிறது. அதில் கடைந்து தருவீர்களா?

மாட்டோம். ஈஎன்8 எம்.எஸ்.ஸைவிட நன்றாகவே வலுவானது. எம்.எஸ். பிரைட் பார்கூட குளிர்நிலையில் இழுத்தது என்பதால் சாதாரண கறுப்பு ராடைவிடக் கொஞ்சம் கடினம். ஒரு தடவை ஒரு ராடில் எடுத்தால், அடுத்த தடவையும் அதே ராடில் எடுப்பது நல்லது. ஒரே ராடில் ஒரு கொத்துப் பின் வெட்டி, அதில் ஒன்றைப் பெஞ்சில் உடைத்துப் பார்ப்போம். துண்டு ஷாஃப்டை வைஸில் பிடித்து, ஹப்பில் ஒரு மீட்டர் பைப் மாட்டி, முனையில் ஸ்பிரிங் தராசால் இழுப்போம். 283 நியூட்டன் மீட்டர் என்றால் தராசு 29 கிலோ காட்டும்போது உடைய வேண்டும். நாற்பதுக்குப் போயும் உடையவில்லை என்றால் அந்த ராடு பழைய இரும்புக் கூடைக்குப் போகும். இழுப்பவர் பைப்புக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது, பின் விடும்போது ஆள் மல்லாந்துவிடுவார்.

எங்கள் ஸ்டோக்கர் இஞ்சுக் கணக்கு. கால் இஞ்ச் துளைக்கு 6 மில்லி பின் சரியாக வருமா?

வரும், ஆனால் ஆடும். கால் இஞ்ச் என்பது 6.35 மில்லி, கடை போல்ட் 6 மில்லிக்கும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அந்த இடைவெளியில் ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் பின் சுத்தியலடி வாங்கும். வலிமையும் பத்து சதவீதத்துக்கு மேல் குறையும். கால் இஞ்ச் எம்.எஸ். ராடைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் 8 மில்லி ராடிலிருந்து 6.3க்குக் கடைந்துகொள்ளுங்கள்.

துளை நீள்வட்டமாகிவிட்டது. பெரிய பின் போட்டுவிடலாமா?

துளையைப் பெரிதாக்குவதில் தப்பில்லை, அறுபடும் இடத்தைப் பெரிதாக்குவதில்தான் ஆபத்து. துளையை 8 மில்லிக்கு ரீமர் போட்டு வட்டமாக்குங்கள். பின்னையும் 8 மில்லியில் செய்து, அறுபடும் இரண்டு இடத்திலும் மட்டும் 6 மில்லிக்குக் காடி வெட்டச் சொல்லுங்கள். துளையில் இறுக்கமாக உட்காரும், உடைவது மட்டும் பழைய டார்க்கில். காடியின் அகலம் ஒன்றரை, இரண்டு மில்லி போதும். அடியில் கூர்மையான மூலை இல்லாமல் லேசாக வளைவு விடுங்கள், இல்லையென்றால் மூலையில் விரிசல் விட்டுச் சும்மாவே உடையும். ஹப்புக்கும் ஷாஃப்டுக்கும் நடுக் கோடு எங்கே வருகிறதோ சரியாக அங்கே காடி வர வேண்டும், இதற்கு ஷாஃப்ட் விட்டத்தை வெர்னியரில் அளந்து கொண்டு வாருங்கள். இன்னும் நல்ல வழி, ஹப்பில் கடினப்படுத்திய புஷ் இரண்டு இறக்குவது. செலவு கூடும், ஆனால் பிறகு தேய்வது பின் மட்டும்தான்.

உடைந்த துண்டைப் பார்த்துக் காரணம் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும், அதனால் துண்டைத் தூக்கி எறியாதீர்கள். முகம் தட்டையாக, ஒரே திசையில் தேய்த்துவிட்ட மாதிரிப் பளபளத்தால் ஒரே அடியில் போனது: கல், இரும்பு, ஆப்பாகச் செருகிய கட்டி. ஸ்க்ரூ குழாயைத் திறந்து பாருங்கள், ஆசாமி உள்ளேயே இருப்பார். முகத்தில் பாதி கறுத்தும் மிச்சப் பாதி புதுசாகவும் இருந்தால் விரிசல் முன்பே விழுந்து மெல்ல வளர்ந்திருக்கிறது. ஸ்டார்ட், ஸ்டாப் அதிகம், அல்லது துளையில் ஆட்டம். பின் இரண்டு முறை மடித்துவிட்ட கம்பி போலக் கோணலாக வெளியே வந்தால் ஹப்புக்கும் ஷாஃப்டுக்கும் இடையே தேய்ந்து இடைவெளி விழுந்திருக்கிறது. அது அறுபடவில்லை, வளைந்து வளைந்து கிழிந்திருக்கிறது. அங்கே எந்தப் பின் போட்டாலும் கணக்கு நிற்காது. ஹப்பைச் சரிசெய்ய வேண்டும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியது?

ஸ்டாப் பட்டனை நம்பாதீர்கள். தெர்மோஸ்டாட்டோ டைமரோ எப்போது வேண்டுமானாலும் மோட்டாரை எழுப்பிவிடும். ஐசொலேட்டரை (மின்சாரத்தை முழுக்கத் துண்டிக்கும் ஸ்விட்ச்) அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவில் எதையும் கையால் தோண்டக் கூடாது. அடைப்பை முதலில் எடுங்கள், அதற்குப் பிறகுதான் புதுப் பின். அடைப்போடு புதுப் பின் போட்டு ஸ்விட்சைத் தட்டிப் பார்ப்பது இன்னொரு பின்னை வீணாக்கும் வேலை.

பழைய துண்டை பஞ்ச் வைத்துத் தட்டி எடுத்ததும், புதுப் பின் போடுவதற்கு முன்னால் ஹப்பைக் கையால் சுற்றிப் பாருங்கள். பின் இல்லாமல் ஹப் ஷாஃப்டின் மேல் சுலபமாகச் சுற்ற வேண்டும். பழைய ஸ்டோக்கர்களில் பாதி இந்த இடத்தில்தான் தோற்கும். ஹப் ஷாஃப்டோடு துருப்பிடித்து ஒன்றாகிவிட்டால், பின் அறுந்தாலும் ஸ்க்ரூ ஓடிக்கொண்டேதான் இருக்கும். "எங்கள் பின் வருஷக்கணக்காக உடைந்ததே இல்லை" என்று பெருமையாகச் சொல்பவர்களை நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஹப்பைக் கழற்றி, துருவைத் தேய்த்து, அறுபட்டபோது எழும்பிய பிசிறை அரம் போட்டு எடுத்து, கிரீஸ் பூசி மாட்டுங்கள்.

பின் உடைந்தது யாருக்கும் தெரியவில்லை. ஹாப்பரில் புகை வந்தது. ஏன்?

ஸ்க்ரூ நின்றதும் நெருப்பு குழாய்க்குள் பின்னோக்கி ஊர ஆரம்பிக்கும். மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பதால் ஆபரேட்டர் எல்லாம் சரி என்று இருந்துவிடுவார். புகையோடு கார்பன் மோனாக்சைடும் அறைக்குள் வரும். அதனால் கதவைத் திறந்து காற்றோட்டம் வந்த பிறகே உள்ளே போங்கள். ஸ்க்ரூ ஷாஃப்டின் முனையில் ஒரு இரும்புப் பட்டையை வெல்டு செய்து, எதிரே ஒரு ப்ராக்ஸிமிட்டி சென்சாரும் (இரும்பு அருகே வருவதைத் தொடாமலே உணர்வது) டைமரும் வைத்தால், ஷாஃப்ட் நின்ற சிறிது நேரத்தில் மணி அடித்து, மோட்டாரையும் காற்றாடியையும் நிறுத்திவிடும். எந்த எலக்ட்ரீஷியனும் செய்து தருவார். சென்சார் ஸ்க்ரூவின் ஷாஃப்டைப் பார்க்க வேண்டும், மோட்டாரைப் பார்த்தால் பயனில்லை.

கரியை விட்டுப் பெல்லட்டுக்கு (மரத்தூள் போன்றவற்றை அழுத்திச் செய்த சின்ன உருளைகள்) மாறிவிட்டோம். பின்னையும் மாற்ற வேண்டுமா?

டெல்லி சுற்றுவட்டாரத்தில் 2023 ஜனவரி 1 முதல் தொழிற்சாலைகளில் நிலக்கரிக்குத் தடை வந்தபின் அங்கிருந்தும் இந்தக் கேள்வி வருகிறது. பின் அதேதான், கியர்பாக்ஸ் மாறவில்லையே. காய்ந்த பெல்லட் கரியைவிடச் சுலபமாக ஓடும். ஈரம் பட்டால் ஊதி, குழாய்க்குள் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். சனிக்கிழமை நிறுத்தும்போது ஸ்க்ரூவைக் காலியாக ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். காபி உமி, கடலைத்தோல் பிரிக்வெட்டை உடைக்காமல் கொட்ட வேண்டாம், அந்த அளவு உருளை ஸ்க்ரூவுக்குள் போகாது.

பாய்லர் இன்ஸ்பெக்டரிடம் சொல்ல வேண்டுமா?

பின் நீராவி அழுத்தம் தாங்கும் பாகம் இல்லை, மாற்றுவதற்கு அனுமதி தேவைப்படாது. ஆண்டுச் சோதனைக்குப் பாய்லர் நிற்கும்போதே ஹப்பையும் கழற்றிச் சுத்தம் செய்து, நல்ல நிலையில் இருந்தாலும் பின்னைப் புதிதாக்கிவிடுங்கள்.

எங்கே வாங்குவது, எத்தனை வைத்துக்கொள்வது?

எஸ்.ஜே.பி. ரோடு பக்கத்துக் கடைகளில் போல்ட், ராடு இரண்டும் கிடைக்கும். "ஸ்ட்ராங்கா குடுங்க" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், கடைக்காரர் நல்லெண்ணத்தில் 8.8ஐ எடுத்துத் தருவார். 4.6 என்று எண் சொல்லிக் கேளுங்கள். அரை டஜன் பின்னை ஒரு டப்பாவில் போட்டு, மேலே அளவையும் உலோகத்தையும் எழுதி, ஸ்டோக்கர் பக்கத்துச் சுவரில் தொங்கவிடுங்கள். டப்பாவில் வேறு எந்த போல்ட்டும் இருக்கக் கூடாது. ராத்திரி ஷிஃப்டில் இருப்பவர் டப்பாவில் கைக்கு வந்ததைத்தான் போடுவார்.